ரெக்கார்டு நோட்டில் எழுதிய வீரம்

பாலிடெக்னிக்கில் படித்த மூன்று வருடத்தில் நான் உருப்படியாக எழுதியது சினிமாவைப் பற்றி மட்டும்தான். மற்ற ரெக்கார்டு நோட்டுகளை எல்லாம் அடுத்தவனைப் பார்த்துக் காப்பியடித்தேன். சினிமா நோட்டை மட்டும் வகுப்பே என்னைப் பார்த்துக் காப்பியடித்தது.

விஷயம் இதுதான். எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த மேடத்துக்கு ஒரு நம்பிக்கை. ஒரகடத்தைச் சுற்றி இருக்கிற கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகப்போகிற பசங்களுக்குத் தைரியம் வேண்டும், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசவும் வேண்டும் என்பார். அதற்காகச் சனிக்கிழமை மத்தியானம் செமினார் ஹால் ஜன்னல்களில் கறுப்பு சார்ட் ஒட்டி, புரொஜெக்டரில் ஒரு படம் போடுவார். எல்லாம் வெளிநாட்டுப் படம், எல்லாம் உயிர் பிழைக்கிற படம். பனியில் மாட்டியவன், சுரங்கத்தில் மாட்டியவன், நடுக்கடலில் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதப்பவன். திங்கட்கிழமை ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். கதைச் சுருக்கம் எழுதினால் சிவப்பு மையில் குறுக்கே கோடு விழும். "கதை எனக்குத் தெரியும்ப்பா. படம் பார்க்கும்போது உனக்குள்ள என்ன ஆச்சு, அதை எழுது" என்பார்.

எனக்குள்ளே வெறிதான் ஆயிற்று. பனியில் மாட்டியவன், கறுத்துப்போன தன் கால்விரலைத் தானே கல்லால் நசுக்கிப் பிய்த்து எறிகிற காட்சி வந்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். முன் வரிசையில் ஒருத்தன் சிரித்தான். பின்னாலிருந்து அவன் தலையைப் பிடித்து மேஜையில் ஓங்கி ஒரு மோது மோதினேன். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். மேடம் என்னை வெளியே துரத்தினார். திங்கட்கிழமை நான் அதையே எழுதினேன்: 'வலிக்கிறவனைப் பார்த்து ஒருத்தன் சிரித்தான். என்னால் பொறுக்க முடியவில்லை. அடித்தேன்.' மேடம் கீழே சிவப்பில் எழுதியிருந்தார்: 'உண்மையாக எழுதியிருக்கிறாய். அடித்தது தவறு.' நான் முதல் வரியை மட்டும் பத்து தடவை படித்தேன். இரண்டாவது வரி கண்ணிலேயே படவில்லை, அப்படி ஒரு திமிர்.

என் கூட்டாளியை நான் பிடித்ததும் ஒரு அடிதடியில்தான். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்து சீட்டுக்கு நான் பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவன் ஒருத்தன் பையைத் தூக்கி என் மடியிலேயே போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் வாயில் ஒன்று விட்டான். முன்பல்லில் பாதி உடைந்து நாக்கில் கிடந்தது. விடுவேனா? கீழே தள்ளி ஜல்லியில் அவன் மூஞ்சியைத் தேய்த்தேன். ஆட்டோக்காரர், "த்தூ, போங்கடா, ரெண்டு பேரும் வோணாம்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஆட்டோ வருகிறவரைக்கும் ரோட்டோரத்தில் ரத்தம் துப்பிக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் நின்றோம்.

"ஏல மெட்ராசு, பல்லு போயிட்டா?" என்றான்.

"பாதி கீது" என்றேன். "இன்னாது, மெட்ராஸா? நான் வடக்குப்பட்டுடா. மெட்ராஸ் எங்க கீது, நான் எங்க கீறேன்?"

"எங்களுக்கு விழுப்புரம் தாண்டுனா எல்லாம் மெட்ராசுதான்ல" என்று கைக்குட்டையை நீட்டினான். கடைசிவரை நான் அவனுக்கு மெட்ராசுதான். நான் அவனைத் தெக்கத்தியான் என்றேன்.

தெக்கத்தியான் ஒரு படமும் முழித்துப் பார்த்தது கிடையாது. ஸ்டேஷன் பக்கத்தில் அவன் தங்கியிருந்த அறையில் ஏழு பேர், எல்லாம் அவன் ஊர்ப்பக்கத்துக் கம்பெனித் தொழிலாளர்கள், மூன்று ஷிஃப்ட். ஒருத்தன் எழுந்த பாயில் இன்னொருத்தன் படுப்பான். அங்கே இவனுக்கு எங்கே தூக்கம்? செமினார் ஹாலில் ஏசி உண்டு. விளக்கை அணைத்ததும் பயல் என் தோளில் சாய்ந்துவிடுவான். திரையில் மனிதர்கள் செத்துப் பிழைத்துக்கொண்டிருப்பார்கள், இவன் வாயோரம் எச்சில் வழியும்.

அதனால் அவன் ரெக்கார்டையும் நானே எழுதினேன். அவனுக்கு மட்டுமா? ஒரு டீ, ஒரு பன் என்று இன்னும் ஒன்பது பேருக்கு எழுதினேன். ஒரே படத்துக்குப் பத்து விதமாகப் பயப்படவும் பத்து விதமாக அழவும் எனக்கு வந்தது. பாதி வகுப்பின் தைரியம் என் பேனாவிலிருந்துதான் இறங்கியது என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் அந்தப் பாலத்துப் படம் வந்தது. அறுந்த தொங்குபாலம், கீழே பாறையும் வெள்ளமும். அண்ணன் மேலே குப்புறப் படுத்துத் தம்பியின் கையைப் பிடித்திருக்கிறான். தம்பி அந்தரத்தில் தொங்குகிறான். பலகை ஆணி அண்ணனின் நெஞ்சில் ஏறி ரத்தம் வழிந்து தம்பி முகத்தில் சொட்டுகிறது. "விட்டுடு, நீயாவது பிழைச்சுக்கோ" என்று தம்பி கதறுகிறான். அண்ணன் விடவில்லை. ஒரு ராத்திரி முழுக்கப் பிடித்திருந்து விடிகிறபோது மேலே இழுத்துவிடுகிறான். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். வெட்கமே படவில்லை. அன்றைக்கு எழுதிய வரி இன்றும் மனப்பாடம்: 'விட்டுவிடு என்று கெஞ்சுகிறவனைத்தான் விடவே கூடாது. காதைப் பொத்திக்கொண்டு இழுக்கிறவன்தான் வீரன்.' மேடம் அதை வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

தெக்கத்தியானின் நோட்டில் அதையே வார்த்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஏல, அந்தப் பாலத்துல ஒரு கயிறுகூடவால கிடக்கல? ராத்திரி பூரா பிடிச்சிட்டே கிடந்தானாக்கும்?" என்று கேட்டான்.

"படம் பாக்காத நாயி நீ, பேசாத" என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

ஐந்தாவது செமஸ்டர் நடுவில் மூன்று வாரம் கம்பெனிப் பயிற்சி. வாகனங்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் எங்கள் இரண்டு பேரையும் போட்டார்கள். முதல் நாள் பயிற்சி அறையில் எல்லோருக்கும் ஒரு படம் காட்டினார்கள். ஏழெட்டு நிமிடம்தான். ரப்பர் அரைக்கிற மில்லில் ஒருவனுடைய கை மாட்டிக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பவன் அவனைத் தொடவே இல்லை. தலைக்கு மேலே குறுக்கே போகிற சிவப்புக் கயிற்றை ஒரு இழு இழுக்கிறான். மில் நிற்கிறது. பிறகு ரிவர்ஸ் பட்டனை அழுத்துகிறான். உருளை பின்னால் சுற்றிக் கை வெளியே வருகிறது. கீழே எழுத்து ஓடுகிறது: 'கையை இழுக்காதே. கயிற்றை இழு.' இரண்டு பேரும் சாமி படத்தில் இருக்கிறவர்கள் மாதிரி நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான் படம்.

"தோ பார்றா ஹீரோவ! கூட்டாளி சாவறான், இவன் துணி காயப்போடற கவுத்தப் புடிச்சிகினு நிக்கறான்" என்றேன். வரிசையே சிரித்தது. தெக்கத்தியான் சிரிக்கவில்லை. அந்தப் படத்தை மட்டும் அவன் கண் கொட்டாமல் பார்த்தான். ஏன்டா என்றால், "இங்க ஏசி இல்லல, தூக்கம் வரல" என்றான். அன்றைக்கு மில்லுக்குப் போனதும் அவன் செய்த முதல் காரியம், இடது கையைத் தூக்கிக் கயிறு எட்டுகிறதா என்று பார்த்ததுதான். அதற்கும் நான் கிண்டல் செய்தேன்.

மில் என்பது இரண்டு இரும்பு உருளை. தண்ணீர் டிரம் கனத்தில் பக்கத்துப் பக்கமாகப் படுத்துக்கொண்டு உள்பக்கமாகச் சுற்றும். நடுவே விரல் அகலத்துக்கு இடைவெளி. மேலே போடுகிற ரப்பரை அதற்குள் இழுத்து, அரைத்து, தகடாக்கி உருளையில் சுற்றிக்கொண்டே இருக்கும். பயிற்சிக்கு வந்தவர்கள் தொடக்கூடாது என்று விதி. ஆனால் ஹெல்ப்பர் லீவு போட்டுவிட்டால் விதியும் லீவுதான். மூன்றாவது வாரம் ஒரு நாள், காலை டீ முடிந்த நேரம், ஷிஃப்ட் இன்சார்ஜ் வந்து, "தம்பிங்களா, சும்மாதான நிக்கறீங்க, ரப்பர் துண்டு எடுத்துப் போடுங்க" என்றுவிட்டுப் போனார். ஆபரேட்டர் மில்லுக்குப் பின்பக்கம் தகட்டை அறுத்துக்கொண்டிருந்தார். ரப்பர் கொதித்தது. சூடு தாங்காமல் தெக்கத்தியான் வலது கையில் ஒரு நூல் கையுறையை மாட்டிக்கொண்டான். அங்கே கையுறை போடக்கூடாது. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ரப்பரில் கையுறை ஒட்டியது. அவன் ஒரு எட்டு முன்னால் போனான். எதற்கு இவ்வளவு குனிகிறான் என்று நினைத்தேன். அதற்குள் விரல்கள் உள்ளே போய்விட்டன. முருங்கைக்காயை ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம். அதற்கு மேல் அவன் குரல்.

அவன் இடது கை உயர்ந்தது. நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். விரல்களை விரித்துக்கொண்டு அந்தக் கை எட்டி வந்தது. என்னைத்தான் கேட்கிறான், என்னைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று பாய்ந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தேன். ஒரு காலை மில்லின் அடிச்சட்டத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தேன்.

"விடுல! விடுல மெட்ராசு! இழுக்காத, விடு!"

எனக்கு அவன் கேட்கவில்லை, பாலம்தான் கேட்டது. விட்டுடு, விட்டுடு. சொல்லவே நாக்குக் கூசுகிறது, அந்த நேரத்தில் எனக்குள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. வந்துவிட்டதடா நம்முடைய காட்சி என்கிற சந்தோஷம். "விட மாட்டேன்டா!" என்று கத்தினேன். அவன் திரும்பி என் முன்கையில் பல்லைப் பதித்தான். சதை பிய்கிற கடி. வலியில் புத்தி பேதலித்துவிட்டது என்று இன்னும் இறுக்கிப் பிடித்தேன். உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. விரல் போனது, உள்ளங்கை போனது. பின்பக்கத்திலிருந்து ஆபரேட்டர் ஓடிவந்து கயிற்றில் விழுந்தார். மில் நின்றது. ரிவர்ஸ் போட்டார். வெளியே வந்ததைக் கை என்று சொல்ல முடியாது.

அவனை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே அலறினாள்: "அய்யோ, இன்னாடா இது, வூட்டாண்ட ரத்தமா வந்து நிக்கற! யாரைடா அடிச்ச?" என் குணம் அவளுக்குத் தெரியும். நான் யாரையும் அடிக்கவில்லை என்று சொன்னேன். அன்றைக்கு அவனை அடித்த மாதிரி வாழ்நாளில் நான் யாரையும் அடித்ததில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாலு விரலையும் எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. மில் கொஞ்சம் முன்னதாகவே நின்றிருந்தால் இரண்டு விரலாவது பிழைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக ஆபரேட்டர் வந்து சொன்னார். சொல்லிவிட்டு என் தோளைத் தட்டி, "நீ இல்லேன்னா கையே போயிருக்கும்ப்பா" என்றார். கம்பெனியில் காலைக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போட்டு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அதே கூட்டத்தில், கையுறை போட்டது அவன் தப்பு என்றார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு சால்வையோடு நின்றேன்.

வகுப்புக்குத் திரும்பியபோது விஷயம் கேட்டு மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எழுதினதை வாழ்ந்து காட்டியிருக்கான். முன்னால வந்து பேசுப்பா" என்றார். பேசினேன். ருசித்துப் பேசினேன். கடித்த தழும்பைச் சட்டையை மடித்துக் காட்டினேன். "வலியில இன்னா செய்யறோம்னே அவனுக்குத் தெரியல" என்றேன். எல்லோரும் 'ச்சோ' கொட்டினார்கள். பிறகு, அவன் எப்படிக் கையை நீட்டினான் என்று நடித்துக் காட்ட, அவனைப் போலவே குனிந்து, வலது கையை மேஜை மேல் வைத்து, இடது கையைத் தூக்கினேன்.

கை மேலே போனது. பக்கவாட்டில் போகவில்லை. நான் நின்றிருந்தது அவனுக்குப் பக்கவாட்டில். மேலே நான் இல்லை. மேலே கயிறு இருந்தது.

கை தூக்கினபடியே நின்றுவிட்டேன். அவன் கயிற்றைப் பிடிக்கப் போனான். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். விடு என்று கத்தினான், விடவில்லை. கடித்தான், அப்போதும் விடவில்லை. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து அந்தக் கடிகாரத்தைச் சுவரில் அடித்து உடைத்தேன். சுவரையும் குத்தினேன், முட்டி பெயர்ந்தது. அதனால் என்ன ஆகிவிடும்? அவனைப் போய்ப் பார்க்க வேண்டும், சொல்ல வேண்டும். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து அறைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகியும் நான் போகவில்லை. ஸ்டேஷன் வரைக்கும் போவேன், டீ குடிப்பேன், திரும்பிவிடுவேன். மூஞ்சியை உடைத்தவனாகப் போய் நிற்கலாம். கையை எடுத்தவனாக எப்படிப் போய் நிற்பது? பயம் என்றால் என்னவென்று பத்து விதமாக எழுதியவனுக்கு அப்போதுதான் நிஜமாகப் பயம் வந்தது.

ஒரு மத்தியானம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் வரிசையாகப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூலையில் சுவரில் சாய்ந்து, கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான்.

"வால, வீரா" என்றான்.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவேன் என்று தெரியும். "டேய், அன்னிக்கு நீ கவுத்துக்குத்தான கை நீட்டின?" என்று கேட்டேன்.

"பின்ன? உன்னியக் கொஞ்சவால நீட்டுனேன்?"

அப்படியே மடங்கி அவன் முன்னால் உட்கார்ந்தேன். "நான்தான்டா. நான்தான் உன் கையை எடுத்தேன்" என்றேன். இடது கையால் அறைந்தான். காது கொய்யென்றது. மறுபடி அறைந்தான். பழக்கமில்லாத கை, இரண்டாவது அடி மூக்கில் விழுந்து ரத்தம் வந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "அடிடா, இன்னும் அடி" என்றேன்.

"கை வலிக்குல" என்றான். "இருக்கதே ஒண்ணுதான்."

அதற்கப்புறம் அவனும் அழுதான், நானும் அழுதேன். சத்தம் போடாமல் அழுதோம், தூங்குகிறவர்கள் ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்கள். மன்னிச்சுடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் பையைத் துழாவி ரெக்கார்டு நோட்டை எடுத்துப் போட்டான். பாலத்துப் படப் பக்கத்தைப் பிரித்து, நான் எழுதிக் கொடுத்திருந்த தாளைப் பல்லால் பிடித்துக்கொண்டு இடது கையால் கிழித்தான்.

"எழுது. இந்தத் தடவ நான் சொல்லுதேன்."

"நீ படமே பாக்கலயேடா."

"அதான் நான் தொங்கிப் பாத்துட்டேன்ல. எழுதுல."

எழுதினேன். அவன் சொன்னது ஆறே வரி. அவன் பேச்சில் சொன்னதை நான் நோட்டுத் தமிழில் எழுதினேன்: 'தொங்குகிறவனுக்குத்தான் தெரியும், அவனுக்கு என்ன வேண்டும் என்று. அவன் வாய் விட்டுச் சொன்னான். கையை நீட்டியும் காட்டினான். மேலே இருந்தவனுக்குத் தான் வீரன் என்கிற நினைப்பு. அதனால் கீழே இருந்தவன் சொன்னதைக் கேட்கவில்லை. படத்தில் கை வந்துவிடும், மில்லில் வராது.' கடைசி வரிக்கு என் பேனா நின்றது. எழுதி முடித்தேன். "அந்தக் 'கேட்கவில்லை'க்குக் கீழ ஒரு கோடு போடு. ஸ்கேல் வச்சுப் போடு" என்றான். போட்டேன். "திங்கக்கிழம இத நீதான் வாசிக்கணும்" என்றான்.

திங்கட்கிழமை, முன்பு வீரம் பேசிய அதே இடத்தில் நின்று அவன் நோட்டை வாசித்தேன். கையைத் தூக்கி, கயிறு எங்கே இருந்தது, நான் எங்கே நின்றேன் என்று காட்டினேன். மேடம் சிவப்புப் பேனாவைத் திறந்து, அந்தப் பக்கத்தையே பார்த்துவிட்டு, எதுவும் எழுதாமல் மூடிவிட்டார்.

சாயங்காலம் நோட்டை அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மேடம் என்ன சொன்னாவ?" என்றான்.

"ஒண்ணும் சொல்லல."

"பசங்க கைதட்டுனானுவளா?"

"இல்லடா. ஒருத்தன்கூட தட்டல."

நோட்டை இடது கையால் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். "அப்ப சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றான்.